தூங்குகிறவரை எழுப்பாமல் வேலை நகர வேண்டும்

கேள்வி: எங்கள் டீமில் 14 பேர். டிசைன், கன்டென்ட், வெப்சைட் வேலைகள் செய்கிறோம். மூன்று டைம் ஸோன்களில் இருக்கிறோம், ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் ஒரு சாட் குரூப், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அவ்வளவுதான். போன வருடம் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கினோம். மூன்றே மாதத்தில் எல்லோரும் சாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். சமீபத்தில் ஒரு பேனரில் கிளையன்ட் சொன்ன தேதித் திருத்தம் சாட்டில் தொலைந்துபோய், பழைய தேதியோடு அச்சுக்குப் போய்விட்டது. ஷீட்டில் 'நடக்கிறது' என்று மட்டும் 90 வேலைகள் நிற்கின்றன. இப்போது ஐந்து சாஃப்ட்வேர்களை 40 அம்சங்கள் வைத்து ஒப்பிட்டு அட்டவணை போட்டேன், எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்று பார்க்க ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதியும் வேண்டும் என்கிறார் எங்கள் முதலாளி. எதை வாங்குவது? ஷீட்டில் இருக்கும் 600 வரிகளையும் புதியதற்கு மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் அட்டவணையில் தப்பில்லை. அந்த சாஃப்ட்வேர்கள்தான் உண்மையிலேயே ஒன்று போல ஆகிவிட்டன. 2011-ல் ட்ரெல்லோ வந்தபோது அது வெறும் போர்டும் கார்டும்தான்: ஒரு வேலைக்கு ஒரு கார்டு, கார்டுகளை ஒட்டிவைக்கத் திரையில் ஒரு போர்டு. ஜிரா 2002-ல் புரோகிராமர்கள் பிழைகளைக் குறித்துவைக்க வந்தது. இன்றைக்கு ட்ரெல்லோவில் காலண்டரும் டைம்லைனும் இருக்கின்றன, ஜிராவை மார்க்கெட்டிங் டீம்கள் வைத்து ஓட்டுகின்றன. ஒருவரிடம் இருப்பதை அடுத்தவர் கொண்டுவந்து கொண்டுவந்து, 40 கட்டத்திலும் டிக் விழுகிறது. அந்த அட்டவணையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த பேனர் விஷயத்தைத்தான். நீங்கள் இணைத்திருந்த சாட்டையும் பார்த்தேன். 'அந்த பேனர்ல தேதி மட்டும் மாத்தணும், யாராவது பாத்துக்கோங்க' என்று ஒரு வரி. கீழே இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். முதல் ஆளின் கட்டைவிரலுக்கு 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம். அவர் செய்யப்போகிறார் என்று நினைத்து இரண்டாவது ஆள் 'நல்லது' என்று கட்டைவிரல் காட்டியிருக்கிறார். உண்மையில் அதைச் செய்ய வேண்டிய டிசைனர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்தபோது அந்த வரி எழுபது மெசேஜுக்கு மேலே போய்விட்டது. மூன்று பேரில் யாரும் அலட்சியமானவர் இல்லை.

ஒரே அறையில் இருந்திருந்தால் ஒருவர் நாற்காலியைத் திருப்பி, 'நீ பாக்கிறியா, நான் பாக்கட்டுமா?' என்று கேட்டிருப்பார். கால் நிமிட வேலை. தூரத்தில் இருக்கும் டீமுக்கு அந்தக் கால் நிமிடம் கிடையாது. அதை யாராவது எழுதித்தான் வைக்க வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் சாஃப்ட்வேரின் முதல் வேலை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

அதனால் நான் எந்த சாஃப்ட்வேரையும் ஒரே ஒரு சோதனை வைத்துத்தான் பார்ப்பேன். ஒருவர் தூங்கி எழுந்து அதைத் திறக்கிறார். யாரிடமும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் அவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இன்றைக்கு என் வேலை எது, அதற்கு வேண்டியது எங்கே இருக்கிறது, நான் முடித்ததும் யார் கைக்குப் போகும். இந்த மூன்றும் தெரியாமல் அவர் சாட்டைத் திறந்துவிட்டால், அன்றைக்கு அந்த சாஃப்ட்வேர் தோற்றுவிட்டது. போன வருடம் உங்களிடம் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அந்த பேனர் வேலையையே ஒரு கார்டாக எழுதிப் பார்க்கலாம். தலைப்பு: 'பேனரில் விழா தேதி 14 என்பதை 21 ஆக்குதல்.' பொறுப்பு: ஒரே ஒருவரின் பெயர். கெடு: புதன் 15:00 யூடிசி (உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம்). ஃபைல்: நான்காவது வெர்ஷனின் லிங்க். எப்போது முடிந்ததாகக் கணக்கு: அச்சுக்கான பிடிஎஃப் ஃபோல்டரில் இருக்க வேண்டும், கிளையன்ட் சரி சொன்ன மெயில் இந்தக் கார்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்து: அச்சுக்கு அனுப்புகிறவரின் பெயர். எழுத இரண்டு நிமிடம் ஆகும். 'பேனர் கரெக்‌ஷன்' என்று இரண்டே வார்த்தையில் கார்டு போட்டால், எவ்வளவு விலையுள்ள சாஃப்ட்வேராக இருந்தாலும் அது அந்த சாட் வரியைவிட ஒன்றும் மேல் இல்லை.

'ஒரே ஒருவரின் பெயர்' என்பதில் சாஃப்ட்வேர்களுக்குள் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அசானாவிலும் ஜிராவிலும் ஒரு டாஸ்க்குக்கு ஒருவரைத்தான் பொறுப்பாளராகப் போட முடியும். ட்ரெல்லோ கார்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். மூன்று பேர் முகம் ஒட்டிய கார்டு, மூன்று கட்டைவிரல் வாங்கிய மெசேஜ் மாதிரிதான். உங்கள் டீமின் பிரச்சினை இதுவாக இருக்கும்போது, இந்த ஒரு விஷயத்துக்கு அந்த 40 கட்டங்களையும்விட எடை அதிகம். ட்ரெல்லோதான் பிடித்திருக்கிறது என்றால் 'ஒரு கார்டு, ஒரு முகம்' என்று டீமுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாஃப்ட்வேர் உங்களுக்காக அதைப் பார்த்துக்கொள்ளாது.

கெடுவில் யூடிசி போட்டதற்கும் காரணம் உண்டு. வெறுமனே 'வெள்ளி' என்று போட்டால், மூன்று டைம் ஸோனில் அது மூன்று வெவ்வேறு நேரத்தில் முடிகிறது. ஒருவருக்கு வெள்ளி மாலை என்பது இன்னொருவருக்குச் சனி விடிகாலை. கெடுவோடு மணியையும் போட முடிகிறதா, போட்ட மணி ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் நேரத்தில் தெரிகிறதா என்று இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து ஒரே கார்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று: கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் உங்கள் ஆட்களோ கிளையன்ட்களோ இருந்தால் மார்ச் மாதம் கவனம். அமெரிக்காவில் இரண்டாவது ஞாயிறு மாற்றுவார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். வாரா வாரம் தானாக வரும் டாஸ்க்குகளும் மீட்டிங்குகளும் அப்போதுதான் குழம்பும்.

அடுத்து அந்த 90. இது பேனரைவிடப் பெரிய விஷயம். வாரத்துக்கு எத்தனை வேலை முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. 15 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக ஆறு வாரம் ஆகிறது. 90-ஐ 15-ஆல் வகுத்தால் ஆறு. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த விதி இது, வரிசையில் நிற்கும் எதற்கும் பொருந்தும். ஆட்களை வேகமாக ஓடச் சொல்வதைவிட, ஒரே சமயத்தில் கையில் இருப்பதைக் குறைப்பது சீக்கிரம் பலன் தரும். 90-ஐ 45 ஆக்கி, அதே 15 வாரா வாரம் முடிந்தால் ஆறு வாரம் மூன்றாகிவிடும்.

கான்பான் போர்டு (கார்டுகளைப் பத்தி பத்தியாக நகர்த்தும் பலகை) என்று எல்லோரும் சொல்வதன் உயிரே இதில்தான் இருக்கிறது. டொயோட்டா தொழிற்சாலையில் டைச்சி ஓனோ அதைக் கொண்டுவந்தபோது, கார்டு வந்தால்தான் அடுத்த பாகத்தைச் செய்யலாம், கார்டு இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தடைதான் அதன் பயன். நாமோ 'செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது' என்று மூன்று பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு தடையை விட்டுவிட்டோம். ஆகவே 'நடக்கிறது' பத்திக்கு ஓர் உச்சவரம்பு வைக்க முடிகிறதா, அதைத் தாண்டினால் கண்ணில் படுகிற மாதிரி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஆளுக்கு மூன்று என்று தொடங்கலாம். 14 பேருக்கு 42. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கான்ட் சார்ட் (எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று பட்டைகளாகக் காட்டும் படம்) வேண்டுமா என்றும் உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்று தள்ளிப்போனால் அடுத்ததும் தள்ளிப்போகும் என்ற வேலைகளுக்கு அது நல்லது. கன்டென்ட் வராமல் டிசைன் இல்லை, டிசைன் இல்லாமல் கோடிங் இல்லை என்கிற உங்கள் வெப்சைட் வேலைகளுக்குப் பயன்படும். நாளைக்கு நான்கு பேனர், மறுநாள் ஆறு போஸ்ட் என்று போகும் வேலைக்கு அதைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். உங்களுக்குப் போர்டு பிரதானம், வெப்சைட்டுக்கு மட்டும் ஒரு சாதாரண டைம்லைன் போதும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு இதே மாதிரி மூன்று டைம் ஸோனில் இருந்த ஒரு டீமுக்கு நானே எல்லாவற்றையும் அமைத்துக்கொடுத்தேன். டாஸ்க் போடும் பக்கத்தில் 11 கட்டங்கள், எல்லாம் கட்டாயம். முன்னுரிமை, துறை, மதிப்பிட்ட மணி நேரம், வேலை எந்த நிலையில், இப்படி. எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்பினேன். இரண்டாவது வாரமே மணி நேரத்தில் எல்லோரும் '1' என்று போட ஆரம்பித்தார்கள். மற்றதில் ஒரு கோடு, ஒரு புள்ளி. கெடு எல்லாம் வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் மட்டும் பச்சையாக, அழகாக வந்தது. அதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். டெலிவரிக்கு நான்கு நாள் முன்புதான், முக்கியமான ஒரு பகுதியை யாருமே தொடவில்லை என்று தெரிந்தது. அந்த டீம் இரண்டு இரவு கண் விழித்தது என்னால்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதில் நிரப்புவதை யார், எப்போது படிக்கப்போகிறார்கள்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவேன். உங்கள் டீமுக்கு மேலே பேனர் கார்டில் எழுதினோமே, அந்த ஆறு போதும்.

சாட்டை ஒழிக்கப் பார்க்காதீர்கள், அது முடியாது, தேவையும் இல்லை. 'லிங்க் திறக்கலை', 'அஞ்சு நிமிஷம் பேசலாமா' போன்றவை சாட்டில்தான் நடக்கும். ஆனால் 'இதைச் செய்யுங்கள்' என்ற பேச்சு வந்த நிமிடம் அது கார்டாக வேண்டும். யார் கேட்கிறாரோ அவரே கார்டு போட வேண்டும், செய்கிறவர் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. முதலாளிக்கும் இதே விதிதான். போன தடவை எல்லோரும் சாட்டுக்குத் திரும்பியது யாரைப் பார்த்து என்று யோசித்துப் பாருங்கள். மேலே இருக்கிறவர் சாட்டில் வேலை சொன்னால், கீழே இருக்கிறவர்கள் போர்டைத் திறக்கவே மாட்டார்கள்.

நோட்டிஃபிகேஷனை முதல் நாளே குறைத்துவிடுங்கள். தன் பெயருக்கு வந்த வேலை, தன் பெயர் சொல்லிக் கேட்ட கேள்வி, இந்த இரண்டுக்கு மட்டும் மணி அடித்தால் போதும். எல்லாவற்றுக்கும் அடித்தால் ஒரு வாரத்தில் மொத்தமாக அணைத்துவிடுவார்கள், அப்புறம் அவசரமானதும் போய்ச் சேராது.

சரி, பெயர் சொல்லுங்கள் என்றுதானே கேட்டீர்கள். உங்கள் நிலையில் நான் முதலில் அசானாவை எடுத்துப் பார்ப்பேன், ஒரு வேலைக்கு ஒரு பெயர் என்பதற்காகவே. அது டீமுக்குக் கனமாக இருந்தால் ட்ரெல்லோ, மேலே சொன்ன கட்டுப்பாட்டோடு. கிளையன்ட்டையும் உள்ளே கூப்பிட்டு, பேச்சு, ஃபைல், வேலை மூன்றையும் ஒரே இடத்தில் வைக்க நினைத்தால் பேஸ்கேம்ப். 2004-லிருந்து இருக்கிறது, கிளையன்ட் எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக் கூடாது என்று பிரித்துவைக்க அதில் வழி உண்டு. ஜிரா, பெரும்பாலும் புரோகிராம் எழுதும் டீமுக்கு, உங்களுக்கு வேண்டாம். கிளிக்அப், மன்டே, ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ் மூன்றிலும் நிறைய மாற்றி அமைக்கலாம். அதை ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டால்தான் நன்றாக இருக்கும். தகவல் எங்கள் சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது என்ற நிபந்தனை இருந்தால் ஓப்பன் ப்ராஜெக்ட், ரெட்மைன் போன்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, அவற்றை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அப்டேட்டும் பேக்கப்பும் உங்கள் தலையில் விழும்.

இவற்றில் இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம், உண்மையான ஒரு கிளையன்ட் வேலையை ஓட்டுங்கள். பொய்யாக ஒரு மாதிரி ப்ராஜெக்ட் போட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஐந்து பேர் போதும், ஆனால் அந்த ஐந்தில் இதற்கு முணுமுணுப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், இன்டர்நெட் மெதுவாக இருக்கும் ஒருவரும். அவருக்கு ஃபோனில் கார்டு திறக்கப் பத்து நொடி ஆனால், அவர் திறக்க மாட்டார். அந்த நாட்களில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எண்ணுங்கள்: 'அது என்ன ஆச்சு?' என்ற கேள்வி சாட்டில் எத்தனை தடவை வந்தது? சோதனைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் சாட்டில் தேடி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எதில் அந்த எண் அதிகமாக இறங்குகிறதோ அதை வாங்குங்கள். கடைசி நாள், அந்த ப்ராஜெக்ட்டில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஒரு கார்டைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் கணக்கில் வாங்குவார்கள் என்பதால் 14-க்கு இல்லாமல் 20-க்குக் கணக்குப் போடுங்கள். வெளியாளாக வரும் கிளையன்ட்டுக்கும் கட்டணம் உண்டா, கம்பெனி லாகினையே பயன்படுத்தும் வசதி எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பல நிறுவனங்களில் மேல்தட்டுத் திட்டத்தில்தான் இருக்கும்.

வெளியே வரும் வழியை உள்ளே போகும்போதே பார்த்துவிடுங்கள். வுண்டர்லிஸ்ட் என்று நிறையப் பேர் விரும்பிப் பயன்படுத்திய ஒன்று இருந்தது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி மூடிவிட்டார்கள். மூடாவிட்டாலும் ஆபத்து வரலாம். 2022 ஏப்ரலில், ஜிராவை நடத்தும் அட்லாசியன் நிறுவனத்தின் பராமரிப்பு வேலை ஒன்றில் நேர்ந்த தவறால் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. சிலருக்குத் திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது. அதனால் சோதனையின் முதல் நாளிலேயே எக்ஸ்போர்ட் எடுத்து, அதாவது உங்கள் தகவலை வெளியே இறக்கி, திறந்து பாருங்கள். சிஎஸ்வி ஃபைலில் (ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கும் வெறும் அட்டவணை) தலைப்பு, பெயர், தேதி வந்துவிடும். கார்டுக்குள் நடந்த பேச்சும் இணைத்த ஃபைல்களும் பெரும்பாலும் வராது. ஃபைல்களைத் தனி டிரைவில் வைத்து லிங்க் மட்டும் கார்டில் ஒட்டுவது இதனால்தான். வாரம் ஒரு தடவை முடியாத வேலைகளின் பட்டியலை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தப் பழைய தேதி பேனர் அச்சுக்குப் போன நாளில் நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்திருந்தாலும், எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுதான் தெரிந்திருக்கும். காகிதத்தில் வரைந்து யோசிக்கிற டிசைனர் சும்மா இருப்பவராகத் தெரிவார். படத்தோடு கிளையன்ட்டின் ரகசியமும், ஒருவரின் சொந்த மெயிலும் சேர்ந்து பதியும், அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். ஐரோப்பாவில் ஆட்கள் இருந்தால் தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் ஜிடிபிஆர் சட்டப்படி அந்தக் கண்காணிப்பு அவசியம்தான், அளவோடுதான் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் முதலாளியின் கவலை நியாயமானது, கண்ணில் படாத வேலை நடக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் அவருக்கு மூன்று வரி அனுப்புங்கள்: இந்த வாரம் முடிந்தது எத்தனை, ஐந்து நாளுக்கு மேல் நகராமல் நிற்பது எவை, ஒவ்வொன்றும் யாருக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது வரியில் அவர் பெயரே வரலாம், அதுவும் நல்லதுதான். கிளையன்ட்டுக்கு மணிக் கணக்கில் பில் போடுகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், அவரவர் தாமாகவே மணியைப் பதிந்தால் போதும்.

600 வரிகளை மாற்ற வேண்டாம். இம்போர்ட் பட்டனை அழுத்தினால் 'பேனர் கரெக்‌ஷன்' என்ற அதே இரண்டு வார்த்தை 600 கார்டாக வந்து உட்காரும். முடிந்தவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த 90-ல் ஒவ்வொன்றையும் அதன் ஆள் பார்த்து, அடுத்த இரண்டு வாரத்தில் நிச்சயம் கை வைப்பேன் என்பதை மட்டும் தன் கையால் புதிதாக எழுதட்டும். மற்றவை 'பிறகு' என்ற பட்டியலில் வெறும் தலைப்பாக இருக்கட்டும். யார் பெயரும் சொல்ல முடியாத வரிகள் சில வரும், அவற்றை நீங்களே உட்கார்ந்து கிளையன்ட்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பழைய ஷீட்டை அழிக்காமல், யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, முதல் வரியில் மூடிய தேதியையும் புதிய போர்டின் லிங்க்கையும் பெரிதாகப் போட்டுவையுங்கள். பழக்கத்தில் ஒரு மாதம் வரைக்கும் ஆட்கள் அங்கேதான் போவார்கள்.